ஆறு மாதம் காரில் கிடந்த படிவம்

என் மகள் நிலாவுக்கு இப்போது மூன்றரை வயது. நெஞ்சின் நடுவில், கழுத்துக்குழிக்குக் கொஞ்சம் கீழே தொடங்கி வயிறு வரைக்கும் ஒரு கோடு இருக்கிறது. முன்பு சிவப்பாக இருந்தது. இப்போது வெளிறிவிட்டது.

அந்த நாட்களைப் பற்றி எழுதும்படி மனைவி சுபா பலமுறை சொல்லியிருக்கிறாள். எழுத உட்கார்ந்தால் அழுகை வரும், அதனால் தள்ளிப்போடுகிறேன் என்று அவளுக்குச் சொன்னேன். அது உண்மையில்லை. அந்த நாட்களில் எனக்கு எதுவும் உறைக்கவேயில்லை. பல்லுப் பிடுங்கப் போனால் ஊசி போட்ட பிறகு கன்னம் ஒரு பக்கம் செத்துக் கிடக்குமே, அப்படி முழு ஆளும் இருந்தேன். அப்படி இருந்த ஒருவன் எதை எழுதுவது? நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதே வழியால் வரப்போகிறவர்கள் நான் விட்ட பிழையை விடாமல் இருந்தால் போதும்.

நிலா, நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஸ்காபரோவில் ஒரு மருத்துவமனையில் ஒக்ரோபர் மாதம் பிறந்தாள். பிறந்தவுடன் மஞ்சள் காமாலை என்றார்கள், பால் குடிக்கிறாள் இல்லை என்றார்கள். சுபாவை இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளையை வைத்துக்கொண்டார்கள். ஏதோ இரத்தப் பரிசோதனை செய்திருக்கிறோம், முடிவு வர ஏழு நாள், ஒரு கிழமை ஆகும் என்றார்கள். முடிவு வந்த அன்று எங்கள் இருவரையும் ஒரு சின்ன அறைக்குள் கூப்பிட்டு இருத்தினார்கள். மேசையில் கண் துடைக்கும் ரிஷ்யூத் தாள் பெட்டி ஒன்று இருந்தது.

எனக்குத் தெரிந்த ஆங்கிலம் பிறம்ரனில் நான் வேலை செய்யும் களஞ்சியத்துக்குப் போதும். அந்த அறைக்குப் போதவில்லை. டொக்டர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு வெளியே போய், நோயாளிகளுக்குச் சாப்பாட்டு வண்டில் தள்ளுகிற தமிழர் ஒருவரைக் கூட்டிவந்தார். தலையில் வலைத்தொப்பியோடு வந்து கதவடியிலேயே நின்றார் அவர்.

"அண்ணை, பிள்ளைக்கு ஒண்டு கூடவாம்," என்றார்.

"என்ன கூட?"

"குரோமோசோமாம். எங்கள் எல்லாருக்கும் நாப்பத்தாறு இருக்குமாம். உங்கட பிள்ளைக்கு நாப்பத்தேழாம்."

சுபா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கூட இருந்தா நல்லதுதானே?" என்றாள்.

அதை அவர் மொழிபெயர்க்கவில்லை. நான் கேட்டேன்: "அந்த ஒண்டை எடுத்துவிடேலாதோ?" அதை மொழிபெயர்த்தார். டொக்டர் இல்லை என்று தலையை மெல்ல ஆட்டினார். அது உடம்பில் ஓர் இடத்தில் இருக்கிற பொருளில்லை, ஒவ்வொரு கலத்துக்குள்ளும் இருக்கிறது, கரு உண்டான நேரமே வந்துவிட்டது, தாய் சாப்பிட்டதாலோ செய்ததாலோ வந்ததில்லை என்றார். பிள்ளை நடப்பாள், கதைப்பாள், எல்லாம் பிந்தி வரும், எவ்வளவு வரும் என்று இப்போது சொல்ல முடியாது. பெயர் டவுண் சிண்ட்ரோம்.

"டவுண் எண்டா கீழ எண்ட கருத்தில்லையாம்," என்றார் வலைத்தொப்பிக்காரர். "ஆரோ ஒரு டொக்ரரிட பேராம். நீங்கள் பிழையா விளங்கிக்கொள்ளக் கூடாதெண்டு சொல்லுறார்." போகும்போது என் தோளில் ஒரு தரம் கையை வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் நான் வேலைக்குப் போனேன். ஒரு பெட்டி டோனட் வாங்கிக்கொண்டு போனேன். "என்ன பிள்ளை?" என்று கேட்டவர்களுக்குப் பெம்பிளைப் பிள்ளை என்றேன். "சுகமோ?" என்றவர்களுக்கு ஓம், சுகம் என்றேன். கொழும்பில் லொட்ஜ் ஒன்றில் தங்கி, எங்களிடம் வந்து சேர நாங்கள் போட்ட ஸ்பொன்சர் விண்ணப்பத்துக்காகக் காத்திருந்த அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவருக்கும் அதே பதில். சொல்லும்போது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. குரல்கூட நடுங்கவில்லை.

ஆறாம் கிழமை பிள்ளைகள் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அது நகரின் நடுவில் இருக்கிறது. நிலாவின் நெஞ்சில் குளிர்ந்த களி ஒன்றைப் பூசி, சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு கருவியை அதன்மேல் வைத்து உருட்டினார்கள். ஒலியை உள்ளே அனுப்பி, அது திரும்பி வருவதைப் படமாக்கும் கருவி அது. வலியில்லாத பரிசோதனை. திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ திறந்து மூடிக்கொண்டிருந்தது. இதயத்துக்கு நான்கு அறைகள். நடுவில் அவற்றைப் பிரிக்கிற சுவர் நிலாவுக்கு முழுதாக வளரவில்லை. அதனால் உடம்புக்குப் போகவேண்டிய இரத்தத்தில் ஒரு பங்கு திரும்பவும் நுரையீரலுக்கே போய்விடுகிறது. நுரையீரல் நனைந்த பஞ்சுபோல ஆகும். மூச்சு வாங்கும், பால் குடிக்கக் களைக்கும், நிறை ஏறாது. கொஞ்சம் வளர்ந்த பிறகு நெஞ்சைத் திறந்து தைக்கவேண்டும் என்றார்கள். அதுவரைக்கும் மருந்து. நீரை இறக்க ஒன்று, இதயத்தை நிதானமாக அடிக்கவைக்க ஒன்று. மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய். குடித்த மிச்சப் பாலை அதற்குள்ளால் விடவேண்டும்.

அன்றைக்குத்தான் மரியாவைச் சந்தித்தோம். அந்த மருத்துவமனையின் சமூகப் பணியாளர். ஐம்பது வயதிருக்கும், போர்த்துக்கல்லில் இருந்து சிறு பிள்ளையாக வந்தவராம். எங்களுக்கு விளங்கும்வரை ஆறுதலாகக் கதைப்பார். வைத்தியத்துக்கும் மருத்துவமனைக்கும் அரசாங்கம் கொடுத்துவிடும், வீட்டுக்கு வாங்கும் மருந்துக்கும் விசேஷ பாலுக்கும் போக்குவரத்துக்கும் கொடுக்காது என்றார். அதற்காக மாகாண அரசாங்கம் ஊனமுற்ற பிள்ளைகளுக்கென்று மாதாமாதம் ஒரு கொடுப்பனவு வைத்திருக்கிறது, குடும்ப வருமானத்தையும் பிள்ளைக்கு ஆகும் செலவையும் பார்த்துத் தருவார்கள், அதோடு மருந்துக்கு ஓர் அட்டையும் வரும். மரியா ஒரு நீளமான படிவத்தை எடுத்து, டொக்டர் நிரப்பவேண்டிய பக்கத்தை அன்றே நிரப்புவித்து, மிச்சத்தை எங்களிடம் தந்தார். "இது தர்மம் இல்லை, உங்கள் பிள்ளையின் உரிமை," என்றார். அதை நான் சுபாவுக்குத் தமிழில் சொன்னேன். அவள் மரியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் படிவத்தை நான் அனுப்பவில்லை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. என்னோடு வேலைசெய்த தவம் அண்ணையும் நானும் என் காரிலேயே பிறம்ரனுக்குப் போவோம். பெயர் சொல்லாமல், யாரோ தெரிந்த ஆளுக்கு என்பதுபோல, இப்படிக் கொடுப்பனவு எடுக்கலாமோ என்று கேட்டுப் பார்த்தேன். "கவர்மென்ற்ரிட காசுக்குக் கையை நீட்டினா ஸ்பொன்சர் சரிவராது," என்றார் அவர். "எனக்குத் தெரிஞ்ச ஒராளுக்கு அப்பிடித்தான் தாய் தேப்பனை மறிச்சுப்போட்டாங்கள்." அப்பா லொட்ஜில் இருந்தார். தமிழர் என்ற சந்தேகத்தில் பொலிஸ் இரண்டு தரம் பிடித்து விசாரித்து விட்டிருந்தது. அவ்வளவும் எனக்குப் போதுமாக இருந்தது. படிவத்தைக் காரின் முன்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

சுபா கேட்டாள், "போமை அனுப்பிப்போட்டியளோ?"

"அனுப்பிப்போட்டன்."

அதற்குப் பிறகு அவள் அடிக்கடி கேட்கவில்லை. மாதத்துக்கு ஒரு தரம், "மறுமொழி ஒண்டும் வரேல்லையோ?" என்பாள். "உவங்கள் இழுத்தடிப்பாங்கள்," என்பேன். சுபாவுக்கு என்னில் சந்தேகம் வந்ததாகத் தெரியவில்லை. நான் அதிகாலை வேலைக்குப் போய்ப் பின்னேரம் திரும்புவேன், சனிக்கிழமையும் ஓவர்ரைம். கிளினிக் நாட்களில் நிலாவைத் தூக்கிக்கொண்டு சுபா பஸ்ஸிலும் சுரங்க ரயிலிலும் தனியாகப் போய்வருவாள். பின்பனிக்காலத்தில் கன்னம் வெடித்து இரத்தம் கசியும். குழந்தைப் பாலும் மருந்தும் வாங்கிய பிறகு தனக்குச் சப்பாத்து வாங்குவதை அடுத்த மாதம் பார்ப்போம் என்பாள். நான் அதையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூன் மாதம் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். நிலாவுக்கு எட்டு மாதம். நிறை நான்கு மாதப் பிள்ளையின் நிறை.

காலை ஆறு மணிக்கு வரச்சொன்னார்கள். சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு தாளில் இதயம் ஒன்றைக் கீறிக் காட்டினார். இதயத்தை நிறுத்திவிட்டுத்தான் தைப்பார்கள். அந்த நேரம் உடம்புக்கு இரத்தத்தைச் சுற்றிவிடும் வேலையை ஓர் இயந்திரம் பார்க்கும். என்னென்ன பிழைக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் ஒவ்வொன்றையும் சுபாவுக்குச் சொல்லவில்லை. கையெழுத்து வைத்தேன்.

ஒரு தாதி நிலாவை வாங்கிக்கொண்டு போனார். தரையில் ஒரு சிவப்புக் கோடு. அதற்கு அப்பால் பெற்றோர் போகக்கூடாது. தாதியின் தோளுக்கு மேலால் நிலா எங்களைப் பார்த்தாள். பிறகு தாதியின் காதுத்தோட்டைப் பார்த்துக் கையை நீட்டினாள். கதவு மூடியது. சுபா அந்தக் கோட்டிலேயே நின்றாள். "வாரும், இருப்பம்," என்றேன். வந்தாள்.

காத்திருக்கும் அறையில் ஒரு தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு குடும்பங்கள் இருந்தன. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒன்பது மணிபோல் சுபாவின் தம்பி குகன் அஜக்ஸில் இருந்து ரயிலில் வந்தான். ஐஸ்கிறீம் டப்பா ஒன்றில் இடியப்பமும் சொதியும். எங்களைச் சாப்பிடச் சொல்லிக் கேட்கவில்லை, பக்கத்தில் வைத்துவிட்டு ஒரு மணித்தியாலம் கூட இருந்துவிட்டு வேலைக்குப் போனான். பத்தரைக்கு ஒரு தாதி வந்து, நிலாவின் இதயத்தை நிறுத்தியாகிவிட்டது, இயந்திரம் ஒழுங்காக வேலை செய்கிறது, இப்போது தைக்கத் தொடங்குகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குச் சற்றுப் பின்னர்தான் மரியா வந்தார். எங்களுக்கு முன்னால் குந்தி இருந்து, சுபாவின் முழங்காலில் கையை வைத்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். பிறகு, கொடுப்பனவு வரத்தொடங்கிவிட்டதா என்றார். நான் வாயைத் திறக்கும் முன் சுபா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "நோ. நோ லெற்றர். சிக்ஸ் மந்த்," என்றாள்.

மரியாவின் முகம் மாறியது. அவ்வளவு காலம் ஆகியிருக்கக் கூடாதே என்றவர், பொறுங்கள், இப்போதே அந்த அலுவலகத்துக்கு அடித்துக் கேட்கிறேன் என்று எழும்பிப் போனார். நான் மறித்திருக்கலாம். மறிக்கவில்லை. சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால்மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். நிலாவின் பெயரிலும் இல்லை, என் பெயரிலும் இல்லை, ஒரு கோப்பும் இல்லை, படிவம் அவர்களுக்குப் போய்ச் சேரவே இல்லையாம் என்றார். தபாலில் தொலைந்திருக்குமோ என்று என்னையே கேட்டார்.

"என்ன சொல்லுறா?" என்றாள் சுபா.

அந்த முதல் நாளைத் தவிர, நான் கூட இருந்த நேரமெல்லாம் டொக்டர்மாரும் தாதிமாரும் சொன்னது என் வாயால்தான் சுபாவுக்குப் போயிருக்கிறது. கூட்டியும் குறைத்தும் சொல்லியிருக்கிறேன். தபாலில் தொலைந்துவிட்டது என்று அன்றும் சொல்லியிருக்கலாம். மரியாவே அந்தச் சொல்லை எடுத்துத் தந்திருந்தார். ஏன் சொல்லவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. துணிவு என்று நினைக்கவேண்டாம். பொய் சொல்லவும் ஆளுக்குக் கொஞ்சம் உயிர் வேண்டும். அது என்னிடம் அந்த நேரம் இருக்கவில்லை.

"போம் அங்க போகேல்லையாம்," என்றேன். "நான் அனுப்பேல்லை."

"தபாலில போடேல்லையோ?"

"போடேல்லை."

"எங்க இருக்கு?"

"காருக்குள்ள."

சுபா என் முகத்தைப் பார்த்தாள். மரியா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தமிழ் தெரியாவிட்டாலும் அவருக்கு விளங்கியிருக்கும்.

"ஏனெண்டு இப்ப நான் கேக்கேல்லை," என்றாள் சுபா. "போய் எடுத்துக்கொண்டு வாங்கோ."

நிலக்கீழ்த் தரிப்பிடத்துக்குப் போய் எடுத்துவந்தேன். மரியா ஒரு பேனையும் சாய்த்து எழுத ஒரு பலகையும் தந்துவிட்டு, எழுதி முடித்ததும் கூப்பிடுங்கள், தொலைநகலில் அனுப்பிவிடுகிறேன், இன்றைய திகதி முத்திரை விழட்டும் என்று சொல்லி விலகிப்போனார்.

முதல் வரியிலேயே அந்தச் சொல் இருந்தது. ஊனமுற்ற பிள்ளையின் பெயர். அதற்கு முன்னால் ஒரு கோடு. அந்தக் கோட்டில் மகளின் பெயரை எழுதினேன். பிறகு கேள்விகள். பிள்ளை தானாகத் தலையை நிமிர்த்துகிறதா, உட்காருகிறதா, ஒரு நேரம் பால் குடிக்க எவ்வளவு நேரம் எடுக்கும், எத்தனை தரம் வாந்தி எடுக்கும், எப்படி நித்திரை கொள்ளும். நான் கேள்வியைத் தமிழில் வாசித்தேன். சுபா பதில் சொன்னாள். நான் ஆங்கிலத்தில் எழுதினேன்.

ஒரு நேரப் பாலுக்கு ஒன்றரை மணித்தியாலம். பாதியில் வியர்த்து நித்திரையாகிவிடுவாள், உள்ளங்காலைச் சுரண்டி எழுப்பவேண்டும். அழவிடக்கூடாது, அழுதால் உதடு நீலமாகும், ஆகவே அழுகை வரப்போகிறது என்று தெரிந்தவுடனே தூக்கவேண்டும். எப்படித் தெரியும் என்றால், கீழுதடு முதலில் வலப்பக்கம் இழுக்கும். மூக்குக் குழாயைப் பிடுங்கிவிடுவாள், மாதத்தில் நாலைந்து தரம் சுபாவே திருப்பிப் போடுவாள். போடும்போது பிள்ளையின் இரண்டு கையையும் துவாயால் சுற்றிக் கட்டவேண்டும்.

"நீர் தனியவே போடுறனீர்?" என்றேன்.

"நீங்கள் வேலையில நிப்பியள்."

எட்டு மாதம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். இதில் பாதிக்கும் மேல் எனக்கு அன்றுதான் தெரியும்.

கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி. இந்தப் பிள்ளையைப் பராமரிப்பதில் உங்களுக்கு ஆகவும் கடினமாக இருப்பது எது? அதற்குக் கீழே நாலு வரி இடம். வாசித்தேன். சுபா கதவின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதுங்கோ," என்றாள். "எல்லாத்தையும் தனியச் செய்யிறது."

எழுதினேன். மற்ற மூன்று வரியும் வெறுமையாகக் கிடந்தது. அதற்குக் கீழே பெற்றோரின் கையெழுத்து. நான் வைத்தேன். பிறகு அவள் வைத்தாள்.

ஒரு மணி தாண்டி நிபுணர் வெளியே வந்தார். தொப்பியின் தடம் நெற்றியில் பதிந்திருந்தது. தைத்தாகிவிட்டது, இதயம் தானாக அடிக்கத் தொடங்கிவிட்டது என்றார். சுபா அப்போதுதான் அழுதாள். எனக்கு வரவில்லை. அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினேன். பிறகு ஐஸ்கிறீம் டப்பாவைத் திறந்து இடியப்பம் சாப்பிட்டேன். முழுவதையும் சாப்பிட்டேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நிலாவைப் பார்க்கவிட்டபோது முதலில் வேறு பிள்ளையின் கட்டில் என்று நினைத்தேன். உடம்பு வீங்கிக் கண் இமைகள் பளபளத்தன. வாயில் மூச்சுக் குழாய், கழுத்தில் ஒன்று, நெஞ்சுக்குக் கீழே இரண்டு. அந்த இரண்டாலும் நெஞ்சுக்குள் சேரும் இரத்தமும் நீரும் ஒரு பெட்டிக்குள் வடியும். தலைமாட்டில் ஒரு தாதி இருந்தார், பிள்ளையைத் தொடலாம், பயப்படவேண்டாம் என்றார். எங்கே தொடுவது என்று தெரியவில்லை. காலின் பெருவிரலைப் பிடித்தேன். சூடாக இருந்தது. அது ஒன்றுதான் அன்று எனக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கிறது.

நாலாம் நாள் மூச்சுக் குழாயை எடுத்தார்கள். அன்று சுபா கேட்டாள். நாங்கள் சிற்றுண்டிச்சாலையில் இருந்தோம், இரண்டு பேருக்கு ஒரு தேநீர்.

"இப்ப சொல்லுங்கோ. ஏன் அனுப்பேல்லை?"

அப்பாவின் ஸ்பொன்சரைச் சொன்னேன். தவம் அண்ணை சொன்னதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது மட்டும்தானோ?"

"இல்லை."

"பின்ன?"

"அந்தச் சொல்லு," என்றேன். "அதுக்குப் பக்கத்தில அவளிட பேரை எழுத எனக்கு மனம் வரேல்லை."

சுபா தேநீர்க் கோப்பையை என் பக்கம் தள்ளினாள். "அந்தச் சொல்லை நான் கிளினிக் போற நாளெல்லாம் பஸ்ஸில பாக்கிறன்," என்றாள். "ஒருத்தரும் வாயால சொல்லுறேல்லை. குழாயைப் பாப்பினம், அவளிட கண்ணைப் பாப்பினம், பிறகு என்னைப் பாப்பினம். எனக்கு எங்க போய் ஒளிக்கிறது? காருக்குள்ளயோ?"

கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அந்தக் கிழமை வேலைக்குப் போன ஒரு நாள் மதிய இடைவேளையில் இலவச சட்ட உதவி நிலையம் ஒன்றுக்குப் போனேன். பிள்ளைக்குரிய கொடுப்பனவு வேறு, நான் உதவிப்பணத்தில் வாழ்வது வேறு, இதனால் அப்பாவின் விண்ணப்பம் நிற்காது என்று அங்கிருந்த இளம் சட்டத்தரணி சொன்னாள். ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. இதை அறிய ஆறு மாதத்துக்கு முன்பே போயிருக்கலாம். யாராவது இதை வாசித்துவிட்டு இதே பயத்தில் இருந்தால், வேலைக்குப் போகும் காருக்குள் கேட்காதீர்கள். தெரிந்த இடத்தில் போய்க் கேளுங்கள்.

ஒரு கிழமையில் வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தது. ஏழாம் நாள் நெஞ்சுக் குழாயால் வடிந்த நீர் பால் நிறமாக மாறியது. சாப்பாட்டில் உள்ள கொழுப்பை உடம்புக்குக் கொண்டுபோகும் ஒரு மெல்லிய நாளம் நெஞ்சுக்குள் ஓடுகிறது. சத்திரசிகிச்சையில் அது காயப்பட்டால் கொழுப்பு நெஞ்சுக்குள் கசியும். அது ஆறும்வரை சாதாரணப் பால் கொடுக்கக்கூடாது, கொழுப்பை வேறு விதமாகச் சேர்த்த ஒரு விசேஷ மாப்பால் மட்டும்தான். மேலும் பதினெட்டு நாள் மருத்துவமனையில் இருந்தோம். நான் வேலையில் சம்பளமில்லாத லீவு கேட்டேன். அதற்கு முன் மேற்பார்வையாளரிடம் என் மகளுக்கு என்ன என்று சொல்லவேண்டியிருந்தது. முதல் தரம் வாய்விட்டுச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு லீவுத் தாளில் கையெழுத்து வைத்தார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

அந்தப் பதினெட்டு நாளில் குழாய்க்குள்ளால் பால்விடப் பழகினேன். துவாயால் கை கட்டவும் பழகினேன். முதல் தரம் மூக்குக் குழாய் போட்டபோது பிழையான வழியில் போய் நிலா நீலமாகிவிட்டாள். தாதி ஓடிவந்து இழுத்தெடுத்தார். சுபா கட்டிலின் மற்றப் பக்கம் நின்றாள். "திருப்பிப் போடுங்கோ," என்றாள். "இப்ப போடாட்டி பிறகு பயத்தில போடமாட்டியள்." போட்டேன். கீழுதடு முதலில் வலப்பக்கம் இழுப்பதை நானும் கண்டேன்.

ஜூலையில் வீட்டுக்கு வந்தோம். விசேஷ பாலைக் கடையில் கேட்டால் விலையைச் சொல்லவே தயங்கினார்கள். மரியா எங்கேயோ கேட்டு ஆறு தகரப் பேணி மாப்பால் எடுத்துத் தந்தார். குகன் தன் பங்குக்கு வாங்கிவந்தான். ஓகஸ்டில் ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து கேள்வி கேட்டுப் போனார். சுபாதான் பதில் சொன்னாள், தெரியாத சொல்லுக்கு மட்டும் என்னைப் பார்த்தாள்.

செப்ரெம்பரில் கடிதம் வந்தது. ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். மருந்து அட்டையும் கூட வந்தது. கொடுப்பனவு விண்ணப்பம் கிடைத்த மாதத்தில் இருந்து, அதாவது ஜூனில் இருந்து. அதற்கு முந்திய மாதங்களுக்கு இல்லை. அந்த வரியை நான் சுபாவுக்கு வாசித்துச் சொன்னேன். அவள் ஓம் என்றாள். கடிதத்தை வாங்கி மடித்து, மருத்துவமனைத் தாள்கள் வைக்கிற கோப்புக்குள் வைத்தாள். சரிக்கட்ட எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை, அவளும் கேட்கவில்லை.

அப்பாவின் கேஸ் அதற்குப் பிறகும் இரண்டு வருடம் இழுத்தது. எங்கள் படிவத்தால் இல்லை, எதற்காக என்று எங்களுக்கு யாரும் சொல்லவும் இல்லை. நிலாவைப் பற்றி அவருக்கும் தொலைபேசியில் சொன்னேன். "படம் ஒண்டு அனுப்பன்," என்றார்.

காசு நேரடியாகப் போய் விழ ஒரு வங்கிக் கணக்கு வேண்டும் என்று சுபா சொன்னாள். ஒரு வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டுக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். வங்கிப் பெண் இருவர் பெயரிலும் கணக்கா என்று என்னைக் கேட்டாள். நான் சுபாவைப் பார்த்தேன்.

"நோ," என்றாள் சுபா. "ஒன்லி மீ."

நான் நிலாவைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அந்தப் பெண் காட்டிய இடமெல்லாம் சுபா கையெழுத்து வைத்தாள். வெளியே வந்ததும் நிலாவைத் தன் இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீங்கள் காரில வாங்கோ," என்றாள். "நாங்கள் பஸ்ஸில வாறம். இவவுக்கு பஸ் விருப்பம்."

கோபத்தில் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. பஸ் வந்தது. தெருவின் அந்தக் கோடியில் அதைக் கண்டவுடனேயே நிலா காலை உதறினாள். அவளுக்கு பஸ் விருப்பம் என்பதும் எனக்குத் தெரியாது. காரை அங்கேயே விட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னால் நானும் ஏறினேன்.

சாரதி ஒரு பெரிய கறுப்பு மனிதர். "ஹலோ, நிலா," என்றார். நிலா அவருக்குக் கையை நீட்டினாள். சுபா ரிக்கற்றைக் கட்டணப் பெட்டிக்குள் போட்டாள். என் பையில் பத்து டொலர் தாள் ஒன்றுதான் இருந்தது. பஸ்ஸில் மிச்சம் தரமாட்டார்கள், எவ்வளவு போடவேண்டும் என்றும் தெரியாது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் இன்னும் இருவர் ஏறக் காத்திருந்தார்கள்.

சாரதி சுபாவைப் பார்த்து, இவர் உன்னோடு வந்தவரா என்று கேட்டார்.

சுபா திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து இன்னொரு ரிக்கற் எடுத்துப் பெட்டிக்குள் போட்டாள்.

"யெஸ்," என்றாள். "ஹீ இஸ் வித் அஸ்."